நவிரமலையின் ஓசையும் அருங்காட்சியகமும்

மலைசார் பண்பாட்டைக் காக்கும் வட்டார அருங்காட்சியகம் எதைத் திரட்ட வேண்டும் என்பதினும், எதைப் பெயர்க்காமல் விட வேண்டும் என்பதே முதன்மையான வினா. சவ்வாதுமலையும் அதன் அடிவாரத்துக் கலசப்பாக்கம், செங்கம் பகுதிகளும் இதனை ஆராய்தற்குரிய களங்களாகும்.

இரா. நாகசாமி பதிப்பித்த ‘செங்கம் நடுகற்கள்’ (1972) பல்லவர் கால வட்டெழுத்துக் கல்வெட்டுகளை ஆய்வுலகிற்கு அளித்தது. எடுத்தனூர் நடுகல் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டினது. வீரனோடு கோவிவன் என்னும் அவன் நாயும் அதில் இடம்பெறுகிறது. இப்பகுதி நடுகற்கள் பலவற்றை மக்கள் வேடியப்பனாக வழிபடுகின்றனர். அரசனும் ஆண்டும் மட்டும் குறிக்கும் காட்சிப் பலகையில் வேடியப்பனுக்கு இடமில்லை. எண்ணெயும் மஞ்சளும் எழுத்தை மறைக்கின்றன என்னும் வாதம் மெய்யே. எனினும் மைப்படி எடுக்க அது போதிய காரணமாகுமேயன்றிக் கல்லைப் பெயர்க்கப் போதாது.

சேர்வராயன் மலையில் பிள்ளையார் கோயில்களில் வைக்கப்பட்டிருந்த புதிய கற்காலக் கோடரிகளை இராபர்ட் புரூஸ் ஃபூட் பதிவு செய்தார். அவருடைய திரட்டு 1904இல் சென்னை அருங்காட்சியகத்தை அடைந்தது. கருவி காக்கப்பட்டது, வழிபாட்டிலிருந்த அதன் இடம் பட்டியலின் குறிப்பாகச் சுருங்கியது. சவ்வாதுமலைச் சிற்றூர்களில் இத்தகைய கருவிகள் இன்றும் வழிபாட்டில் உள்ளன. ஆகவே அதே பிழையைத் தவிர்க்க இங்கு வாய்ப்புண்டு.

இதற்குப் பழஞ்சான்று மலைபடுகடாம். 583 அடிகளில் நன்னனைப் பாடும் இந்நூலின் நவிரமலையைக் கலசப்பாக்கம் வட்டத்துப் பர்வதமலையாக ஆய்வாளர் அடையாளம் காண்பர். பெருங்கௌசிகனார் மலையைப் பொருள்களால் மட்டுமன்றி ஓசைகளாலும் காட்டுகிறார்: அருவியின் முழக்கம், புனங்காப்போர் ஆரவாரம், தினை குற்றும் மகளிரின் வள்ளைப்பாட்டு, கரும்பாலையின் ஒலி. வழியிலுள்ள நடுகற்களைக் கண்டு வாளா செல்லாமல், அங்கு இசைத்துச் செல்லுமாறு கூத்தர் ஆற்றுப்படுத்தப்படுகின்றனர். இன்றைய காட்சிக்கூடங்கள் பெரிதும் கைவிட்டிருப்பது இந்த ஓசையையே.

மலையாளிப் பழங்குடியினர் (இப்பெயர் கேரளத்தாரைக் குறிப்பதன்று) தம் முன்னோர் காஞ்சியிலிருந்து வந்தனர் என்பர். இம்மரபைக் காட்டும் பொருள் எதுவும் பேழைக்குள் அமையாது. அது சொல்லில் மட்டுமே வாழ்வது. சாமை குற்றும் உரலைச் சேர்ப்போர் அதனோடு இயைந்த பாட்டையும் சேர்த்தல் வேண்டும். பதிவேட்டில் அளவு, காலம், கிடைத்த இடம் ஆகியவற்றோடு ஊரார் வழங்கும் பெயர், வழிபடு நாள், பதிவுக்கு இசைவு தந்தவர் என்னும் மூன்று பத்திகளும் இடம்பெற வேண்டும். அவற்றை நிரப்புவோர் மலைவாழ் மக்களாகவே இருத்தல் தகும்.