இடிபாடுகளுக்கு உரை

சென்ற பொங்கல் விடுமுறையில் ஆரணியிலிருந்து புறப்பட்ட ஒரு சுற்றுலா வேனில் படவேட்டுக்குப் போய்வந்தேன். பயணக் கட்டுரை எழுதும் உத்தேசம் எனக்கில்லை. அன்று பகல் முழுவதும் கேட்ட பேச்சில், நம் விமர்சனத்தைப் பீடித்திருக்கும் ஒரு வியாதியைச் சுத்த வடிவில் கண்டேன். அதனால் எழுதுகிறேன்.

வழிகாட்டி கெட்டிக்காரர். நல்ல குரல். ஊருக்குள் நுழையும்போதே, ஒரு காலத்தில் இங்கே கணக்கில்லாத கோயில்கள் இருந்தன, மண்மாரி பொழிந்து ஊரே புதைந்துபோயிற்று என்றார். பின் இருக்கையில் ஒரு அம்மாள் 'ஐயோ' என்றாள். அதற்குப் பிறகு கண்ணில் பட்ட உடைந்த கல் ஒவ்வொன்றுக்கும் அந்த ஒரு வாக்கியமே உரையாகிவிட்டது. தூண் ஏன் சாய்ந்தது? மண்மாரி. மண்டபம் ஏன் பாதியில் நிற்கிறது? மண்மாரி.

படைவீடு என்ற பெயரே தேய்ந்துதான் படவேடு ஆகியிருக்கிறது. படை தங்கிய இடம். சோழருக்குக் கீழே இருந்து, 13ஆம் நூற்றாண்டில் அவர்கள் அதிகாரம் தளர்ந்தபோது தலையெடுத்த சம்புவராயர்களின் தலைநகர். அவர்களில் 14ஆம் நூற்றாண்டில் ஆண்ட ஒருவனுக்கு வென்றுமண்கொண்டான் என்று பெயர். விஜயநகரத்துப் புக்கரின் மகன் குமார கம்பணன், மதுரைமேல் போவதற்கு முன் வீழ்த்தியது இந்த அரசைத்தான். தோற்ற மன்னன் ராஜகம்பீரன் மலைக் கோட்டையில் ஒதுங்கினான், அங்கே கொல்லப்பட்டான் என்று கம்பணனின் மனைவி கங்காதேவி 'மதுரா விஜயம்' என்னும் சமஸ்கிருதக் காவியத்தில் சொல்கிறாள். ஜெயித்தவன் வீட்டுச் சாட்சியம் இது. தோற்றவன் பக்கத்திலிருந்து இப்படி ஒரு காவியம் நம் கைக்கு வரவில்லை.

அந்த மலை வேன் ஜன்னலிலிருந்து தெரிந்தது. 'ராஜகம்பீரன் மலை, ஏற நேரமில்லை' என்றார் வழிகாட்டி. திரும்பும் வழியில் ஆரணியில் பட்டுக் கடைக்கு ஒரு மணி நேரம் இருந்தது.

போர்தான் ஊரை அழித்தது என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் அதுவும் இன்னொரு மண்மாரிதான். தோல்விக்குப் பிறகும் இந்த ஊர் விஜயநகர ஆட்சியில் படைவீட்டு ராஜ்யம் என்ற பெரும் பிரிவுக்குத் தன் பெயரைக் கொடுத்திருக்கிறது. ஆகவே ஒரு இரவில் முடிந்துபோன கதை அல்ல இது. எழுச்சி, தோல்வி, வேறொருவன் கீழ் நீடிப்பு, மெல்லத் தேய்தல் எல்லாம் இதில் உண்டு. இவ்வளவையும் ஒரே காரணம் விழுங்கிவிடுகிறது. கேட்பவனுக்கும் அது சௌகரியம். இயற்கை அழித்ததென்றால் யாரையும் எதுவும் கேட்க வேண்டியதில்லை.

யோக ராமர் கோயிலில் 'வில் இல்லாத ராமர், உலகத்திலேயே இங்கே மட்டும்தான்' என்றார். எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள், நகர்ந்தார்கள். நான் கொஞ்சம் நின்றேன். உட்கார்ந்த நிலை. கையில் சின்முத்திரை. எதிரே அனுமன், சுவடியை வைத்து வாசித்துக்கொண்டிருக்கிறான். படைவீடு என்ற பெயருள்ள ஊரில், ஆயுதத்தைக் கீழே வைத்துவிட்ட ஒருவனும் வாசிக்கிற ஒருவனும். இதைச் செதுக்க வைத்த மனம் எது என்ற கேள்வி எழுந்திருக்க வேண்டும். 'மட்டும்தான்' என்ற சொல் அந்தக் கேள்வி எழும் முன்பே வாயை அடைத்துவிட்டது.

மதுரா விஜயத்தின் ஓலைகள் 1916இல் திருவனந்தபுரத்தில் கிடைத்தன. சிதைந்த பிரதி. பதிப்பித்தவர்கள் போன வரிகளைத் தாங்களே எழுதி நிரப்பவில்லை. இடைவெளியை இடைவெளியாகவே விட்டார்கள். அவர்களுக்குச் சமஸ்கிருதம் எழுதத் தெரியாமலா? இந்த அடக்கம்தான் பிரதிக்குச் செய்யும் முதல் மரியாதை என்று எனக்குப் படுகிறது.

வேனில் என் பக்கத்தில் ஆரணிக்காரர் ஒருவர், வயதான நெசவாளி. திரும்பும்போது கேட்டேன், 'எப்படி இருந்தது பெரியவரே?'

'நல்லாத்தான் சொன்னாரு சார். ஆனா தறியில இழை அறுந்தா புணைச்சுத்தான் ஆவணும். எங்க புணைச்சிருக்குன்னு கை வெச்சா எனக்குத் தெரியும். இவரு பேச்சுல அறுந்த எடமே தட்டுப்படலையே. அதான் சந்தேகமா இருக்கு.'

அவர் சொன்னது வழிகாட்டியை மட்டும் அல்ல. புரியாத கவிதை வரிக்கெல்லாம் 'அந்நியமாதல்' என்றும், தளர்ந்த நாவலுக்கெல்லாம் 'சிதைந்த வடிவம்' என்றும் நம் பத்திரிகைகளில் உரை எழுதியவர்களில் நானும் ஒருவன். அவை எங்களுடைய மண்மாரிகள். ஒரு கவிதையில் எந்த இடத்தில் பிடி தவறியது, தவறியது கவிஞன் பிடியா, என் பிடியா என்று சொல்லும் விமர்சனத்தை எத்தனை முறை எழுதியிருக்கிறேன்? கணக்கெடுத்தால் வெட்கமாக இருக்கும்.

மலைக்கு இன்னும் ஏறவில்லை. வெயில் காலத்துக்கு முன் தனியாகப் போக வேண்டும்.