மண்ணில் நிற்கும் ஆர்க்கிட்

திருக்கோவிலூரில் தென்பெண்ணையின் நடுவே கபிலர் குன்று நிற்கிறது. குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை அடுக்கியவருக்குப் பொருத்தமான இடம்தான். மேற்கே கல்வராயன் மலை, கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் ஒன்று. இம்மலைத் தொடரின் தரைவாழ் ஆர்க்கிட்களில் ஹெபனேரியா பிளான்டாஜினியாவும் உண்டு.

ஆர்க்கிட் என்றாலே மரத்தில் தொற்றி வளர்வது என்று நினைப்போம். இது மண்ணில் வேர்விட்டது. கோடையில் மேலே ஒன்றும் தெரியாது, கிழங்கு மட்டும் உள்ளே கிடக்கும். மழை விழுந்ததும் தரையோடு படிந்த இலைகள், நடுவே ஒற்றைத் தண்டு, அதில் வெள்ளைப் பூக்கள்.

அழகெல்லாம் உதடு எனப்படும் இதழில்தான். அது மூன்றாகப் பிரிந்து, பக்க மடல்கள் இரண்டும் விசிறிபோல் அகன்றிருக்கும். விளிம்பில் நுண்ணிய பற்கள். பின்புறம் தொங்கும் மெல்லிய குழலின் அடியில் தேன். ஹெபனேரியாக்களுக்குப் பெரும்பாலும் நீண்ட உறிஞ்சுகுழல் கொண்ட அந்துப்பூச்சிகளே விருந்தாளிகள். மகரந்தமோ தூளாக உதிராது. இரண்டு கட்டிகளாக, பசைத்தட்டோடு பூச்சியின் மேல் ஒட்டிக்கொள்ளும். 1862இல் டார்வின் ஆர்க்கிட்களுக்கென்றே ஒரு நூல் எழுதியதில் வியப்பில்லை.

விதை வெறும் தூசு. சேமித்த உணவு இல்லாததால், காட்டு மண்ணில் அதற்கேற்ற பூஞ்சை ஊட்டினால்தான் முளைக்கும்.