வரி குறைந்தது, பிழை குறைந்ததா?

2011-இல் சி++11 தரம் வந்தது முதல் மூன்றாண்டுக்கு ஒருமுறை அந்த மொழி புதுப்பிக்கப்படுகிறது. ஒவ்வொரு முறையும் பழைய நிரலைத் திறந்து புதிய நடைக்குச் சுருக்கும் வேலை தொடங்கிவிடுகிறது. கிளாங்-டைடி போன்ற கருவிகள் பல ஆயிரம் வரிகளை ஒரே மூச்சில் மாற்றித் தருகின்றன. எதை மாற்றுவது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

நல்ல பக்கம் வலுவானது. தாய் வகுப்பின் விர்ச்சுவல் ஃபங்ஷனில் ஒருவர் 'கான்ஸ்ட்' சேர்க்கிறார். சேய் வகுப்பில் சேர்க்க மறந்துவிடுகிறார். பழைய நிரல் அப்படியே கம்பைல் ஆகும், ஆனால் ஓடும்போது தாய் வகுப்பின் ஃபங்ஷன் அழைக்கப்படும். 'ஓவர்ரைடு' என்ற ஒரு சொல் இருந்தால் கம்பைலர் அங்கேயே தடுத்துவிடும். பழைய 'ஆட்டோ பாயிண்டர்' இன்னும் மோசம்: நகலெடுப்பதுபோல் தெரியும், மூலத்தைக் காலியாக்கிவிடும். சி++17 அதை நீக்கியே விட்டது. அதன் இடத்துக்கு வந்த 'யூனிக் பாயிண்டர்' நகலெடுக்கவே விடாது. கைமாற்ற 'மூவ்' என்று வெளிப்படையாக எழுத வேண்டும். இந்த இரண்டு மாற்றங்களிலும் நிரல் சுருங்குவதில்லை, சற்று நீளத்தான் செய்கிறது. ஆனாலும் என் கணக்கில் இவையே முதல் தரமானவை.

சுருக்கத்துக்காகவே செய்யும் மாற்றங்களில்தான் ஆபத்து. கோப்புறைகளை ஒரு வெக்டரில் வைத்து, உள்ளே புதிய கோப்புறை கிடைக்கக் கிடைக்க அதே வெக்டரின் கடைசியில் சேர்த்துக்கொண்டே போகும் லூப்பை எடுத்துக்கொள்வோம். எண்ணை வைத்து ஓடும் பழைய லூப் ஒவ்வொரு சுற்றிலும் வெக்டரின் நீளத்தைப் புதிதாகக் கேட்கும். புதிதாகச் சேர்ந்தவற்றையும் எட்டிவிடும். அதை 'ரேஞ்ச் ஃபார்' ஆக்கினால் தொடக்கமும் முடிவும் முதலிலேயே ஒருமுறை எடுக்கப்பட்டுவிடும். வெக்டர் வளர்ந்து நினைவகத்தில் இடம் மாறினால், லூப் கையில் வைத்திருப்பது செல்லாத முகவரி. இடம் மாறாவிட்டால் இன்னும் கொடுமை: நிரல் விழாது, புதிய கோப்புறைகள் மட்டும் பெரும்பாலும் சத்தமில்லாமல் விடுபட்டுப்போகும். சிறிய தரவை வைத்துச் சோதிப்பவர் கண்ணில் இது படாமலே போகலாம்.

'ஆட்டோ'விலும் இதே கதைதான். பூலியன் வெக்டரின் ஓர் உறுப்பை 'பூல்' என்று வாங்கினால் மதிப்பு கிடைக்கும். 'ஆட்டோ' என்று வாங்கினால் அந்த உறுப்பைச் சுட்டும் இடையாள் பொருள்தான் கிடைக்கும். வெக்டர் மாறினால் நம் மாறியும் மாறும்.

நூற்றுக்கணக்கான கோப்புகளை மாற்றும் கமிட்டை ஒருவர் வரிவரியாகப் படித்து ஒப்புதல் தருவார் என்று நான் நம்பவில்லை. ஒரு வரியை ஏன் எழுதினார்கள் என்று கிட்டில் தேடுபவருக்கும் முதலில் அந்தக் கமிட்தான் வந்து நிற்கும்.

ஆகவே, கம்பைலருக்குப் புதிய காவல் வேலை தரும் மாற்றங்களை இன்றே செய்யுங்கள். வரியை மட்டும் குறைக்கும் மாற்றங்களை, அந்தக் கோப்பை வேறு வேலைக்காகத் தொடும் நாள் வரை தள்ளிவையுங்கள். அப்போதும் முதலில் டெஸ்ட் எழுதுங்கள். அந்த மாற்றத்தைத் தனிக் கமிட்டாகவே போடுங்கள்.