மய்யித்தின் கண்ணியமும் மருத்துவமனையின் கடமையும்

உறுப்புக் கொடை பற்றிய பேச்சு எழும்போதெல்லாம், முஸ்லிம்களின் தயக்கத்திற்கு மார்க்கமே காரணம் என்று சொல்லி முடித்துவிடுவது பலருக்கும் வழக்கமாகிவிட்டது. நம்மவர்களும் அந்த விளக்கத்தை மறுபேச்சின்றி ஏற்றுக்கொள்கின்றனர். தயங்கி நிற்கும் ஒரு குடும்பத்தின் அச்சங்களைத் தனித்தனியே பிரித்துப் பார்த்தால், ஃபிக்ஹு சார்ந்தவை சிலவாகவும் மருத்துவமனையின் நடத்தை சார்ந்தவை பலவாகவும் இருக்கக் காண்கிறோம். இவ்விரண்டையும் ஒன்றெனக் குழப்பியதால் இரண்டுக்குமே விடை காணாமல் இருக்கிறோம்.

முதலில் மார்க்கத் தீர்ப்புகளை நோக்குவோம். சவூதி அரேபியாவின் மூத்த உலமாக்கள் அவை 1982-இலேயே உறுப்பு மாற்றத்துக்கு நிபந்தனைகளுடன் இசைவளித்தது. இஸ்லாமிய நாடுகளின் கூட்டமைப்பைச் சார்ந்த ஜித்தா ஃபிக்ஹு அகாடமி, 1988-இல், இறந்தவரின் முன்னிசைவோ வாரிசுகளின் சம்மதமோ இருப்பின் அவருடைய உறுப்பை இன்னோர் உயிரைக் காக்க எடுக்கலாம் என்றும், விற்பனை எவ்வகையிலும் கூடாது என்றும் தீர்மானித்தது. இதற்கு எதிர்நிலையும் உண்டு. பாகிஸ்தானின் முஃப்தி முஹம்மது ஷஃபீ அவர்கள், மனித உடல் இறைவனின் அமானிதம், அதை வழங்கும் உரிமை மனிதனுக்கு இல்லை என்னும் அடிப்படையில் மறுத்தார்கள். இந்தியாவின் ஃபிக்ஹு அகாடமி 1989-இல் கூடியபோது, உயிருடன் இருப்பவர் நெருங்கிய உறவினருக்கு உறுப்பளிப்பதை நிர்ப்பந்த நிலையில் ஏற்றது; இறப்புக்குப் பின் எடுக்குமாறு செய்யும் வஸிய்யத்தை ஏற்கவில்லை. ஆகவே இது இஜ்மா கண்ட விஷயமன்று. மறுப்போரை அறியாதவர் என்பதும் ஆகுமென்போரை மார்க்கத்தை விற்றவர் என்பதும் ஒருசேரத் தவறு.

இதைவிட நுட்பமானது மரணம் எப்போது நிகழ்கிறது என்னும் வினா. 1986-இல் அம்மானில் கூடிய அதே ஜித்தா அகாடமி, மூளையின் செயல்கள் அனைத்தும் மீளா வண்ணம் நின்றுவிட்டதாக மருத்துவ வல்லுநர்கள் உறுதி செய்தால், அதை இதயத் துடிப்பு நிற்பதற்கு நிகரான மரணமாகக் கொண்டது. மறு ஆண்டே மக்காவின் ராபித்தாவைச் சார்ந்த ஃபிக்ஹு அவை, அந்நிலையில் சுவாசக் கருவியை அகற்றலாம் என்றது. ஆனால் சுவாசமும் இதயமும் நின்ற பின்னரே மரணத்தின் சட்டங்கள் பொருந்தும் என்று வரையறுத்தது. மார்பு ஏறி இறங்க, உடல் சூடாயிருக்க, 'இவர் இறந்துவிட்டார்' என்று கேட்கும் தாயின் திகைப்பு அறியாமையால் எழுவதன்று என்பதற்கு இந்தக் கருத்து வேற்றுமையே சான்று.

இனி நம் நாட்டு நடைமுறைக்கு வருவோம். 1994-ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் மூளைத்தண்டு மரணத்தை ஏற்கிறது. அதை நான்கு மருத்துவர் கொண்ட குழு சான்றளிக்க வேண்டும். குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இருமுறை சோதிக்க வேண்டும். உறுப்பு மாற்றும் குழுவினர் அதில் இடம்பெறலாகாது. ஏட்டளவில் இது நல்ல காப்பு. ஆனால் இந்த விவரத்தை உறவினருக்கு அவர்களுடைய மொழியில் எடுத்துரைத்து, சோதனையை அவர்கள் கண்ணால் காண இடமளிக்கும் மருத்துவமனைகள் எத்தனை?

மேலும் ஒரு முரண் உண்டு. இச்சட்டத்தின் வரையறை உறுப்பு மாற்றத்தின் பொருட்டு எழுதப்பட்டது. 1969-ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டமோ உயிரின் அடையாளங்கள் யாவும் நிலையாக மறைவதையே மரணம் என்கிறது. இதன் விளைவாக, குடும்பம் சம்மதித்தால் இறந்தவராகக் கொள்ளப்படும் அதே மனிதர், சம்மதிக்காவிடில் நோயாளியாகத் தொடர்கிறார், கருவி ஓடுகிறது, கட்டணமும் ஏறுகிறது. ஒரே உடலுக்கு இரு தீர்ப்பு வழங்கும் இடத்தில் நம்பிக்கை எப்படி வேரூன்றும்? கொடைக்கு இசைந்தாலும் இசையாவிட்டாலும் மூளைச்சாவு மரணமே என்று 2020-இல் கேரள அரசு வகுத்த நடைமுறை, இவ்வகையில் நேர்மையானது.

பணத்தைப் பற்றிய ஐயம் இதனினும் கூரியது. உறுப்புகளைப் பேணவும் எடுக்கவும் ஆகும் செலவைக் கொடையாளியின் குடும்பத்தின் மீது சுமத்தக்கூடாது என்பது 2014-ஆம் ஆண்டு விதி. ஆயினும் 2018-இல் சேலத்தில், கேரளத்தைச் சேர்ந்த விபத்து நோயாளி ஒருவரின் உறுப்புகள் சிகிச்சைக் கட்டணத்துக்கு ஈடாகப் பெறப்பட்டதாகக் குற்றச்சாட்டு எழுந்து, கேரள முதல்வர் தமிழக முதல்வருக்குக் கடிதம் எழுதினார். 2007-இல் எண்ணூர்ப் பகுதியில் சுனாமியால் வாழ்விழந்த பெண்கள் சிறுநீரகம் விற்ற செய்தி வெளியாயிற்று. 2025-இல் பள்ளிபாளையத்து விசைத்தறித் தொழிலாளரின் கடன் சுமை அதே சந்தைக்கு இரையானது. பின்னவை இரண்டும் உயிருள்ளோரிடம் வாங்கியவை. மூளைச்சாவுக்குப் பின் வழங்கும் கொடையுடன் நேர்த் தொடர்பற்றவை. ஆனால் இரண்டுக்கும் அறுவை அரங்கு ஒன்றே என்றறிந்த ஏழைக்கு அவ்வேறுபாடு எவ்வாறு ஆறுதல் தரும்?

2008-இல் தமிழக அரசு தொடங்கிய திட்டம் நாட்டுக்கே முன்மாதிரி ஆனதையும், 2014-இல் தனி ஆணையம் அமைந்ததையும், 2023 முதல் கொடையாளருக்கு அரசு மரியாதை அளிக்கப்படுவதையும் நாம் குறைத்து மதிப்பிடவில்லை. எனினும் அடக்கத்தின்போது தரும் மரியாதை, தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் தர வேண்டிய விளக்கத்துக்கு ஈடாகாது.

இங்கே சிங்கப்பூரின் அனுபவம் கருதத்தக்கது. அங்கு 1987-ஆம் ஆண்டுச் சட்டம், மறுப்புப் பதிவு செய்யாதோரைக் கொடையாளராகக் கொண்டது. முஸ்லிம்களுக்கு விலக்களித்தது. 2007-இல் அந்நாட்டு இஸ்லாமிய மன்றத்தின் ஃபத்வா வெளிவர, 2008 ஆகஸ்டு முதல் தமிழ் முஸ்லிம்கள் உட்பட அங்குள்ள முஸ்லிம்களும் அதனுள் அடங்கினர். அதே 2007-இன் தொடக்கத்தில், மறுப்புப் பதிவு செய்திராத, முஸ்லிமல்லாத ஒருவரின் குடும்பத்தார் இன்னும் சற்றுக் காத்திருக்குமாறு மண்டியிட்டுக் கெஞ்சியும் உறுப்புகள் எடுக்கப்பட்டன. சட்டம் மருத்துவமனையின் பக்கமே இருந்தது. ஊரின் மனம் இல்லை. சட்டமும் ஃபத்வாவும் ஆகுமாக்குவதை, துயரத்தில் இருப்போரிடம் நடந்துகொள்ளும் முறைதான் ஏற்கத்தக்கதாக்குகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டியதில்லை.

இனி நம் பக்கம். மய்யித்தின் எலும்பை முறிப்பது உயிருள்ளவரின் எலும்பை முறிப்பது போன்றது என்னும் நபிமொழியின் கருத்தை மிம்பர்களில் அடிக்கடி கேட்கிறோம். ஓர் உயிரை வாழவைப்பது மனிதகுலத்தையே வாழவைப்பதற்கு நிகர் என்னும் குர்ஆனின் போதனையையும் கேட்கிறோம். இவ்விரண்டும் ஒரே படுக்கையருகில் சந்திக்கும்போது என்ன செய்வது என்று கேட்பவனுக்கு விடையில்லை. ஜனாஸா தாமதமாகும் என்று கொடையை மறுக்கும் குடும்பத்திடம், விபத்தில் இறந்தவர்க்குப் பிரேதப் பரிசோதனை எவ்வாறாயினும் உண்டு என்பதை யாரும் சொல்வதில்லை. நம் நோயாளி சிறுநீரகத்துக்காகப் பட்டியலில் காத்திருக்கும்போது மட்டும் நாம் ஃபத்வா தேடுவதில்லை. பெறுவதற்கு ளரூரத் என்றும் கொடுப்பதற்கு ஹராம் என்றும் கூறும் நிலை, முஃப்தி ஷஃபீ அவர்களின் கொள்கைக்குக்கூட உடன்பட்டதன்று. அவர்கள் இரண்டையுமே மறுத்தார்கள்.

ஆகவே இரு தரப்பிடமும் நாம் கேட்பது இவை: மரணத்தை அறிவிப்பவரும் கொடை கேட்பவரும் வெவ்வேறு மனிதர்களாக இருக்கட்டும், இரண்டாம் சோதனையின்போது குடும்பம் விரும்பும் ஒருவர் உடனிருக்கட்டும், மறுப்போரின் முன்பும் அதே மரியாதையுடன் கணக்கு வைக்கப்படட்டும், உடல் குளிப்பாட்டவும் கஃபனிடவும் ஏற்ற விதத்தில் தைக்கப்பட்டு, குறித்த நேரத்தில் ஒப்படைக்கப்படட்டும். ஜமாஅத்துகளோ, மாவட்டத்துக்கு ஒருவரேனும், ஃபிக்ஹு கற்ற ஆலிமும் அனுபவமுள்ள மருத்துவரும் அடங்கிய குழுவை, இரவிலும் அழைக்கத்தக்க வகையில் அமைக்கட்டும். அக்குழுவின் பணி சம்மதம் வாங்குவதன்று. குடும்பம் தெளிவுடன் ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லத் துணைநிற்பதே.

இறந்தவர் தம் சார்பில் பேச இயலாதவர். அவருடைய உடல் வாரிசுகளிடமும் மருத்துவரிடமும் ஒருசேர ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அமானிதத்தைப் பெற்றவர் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர். அக்கணக்கை மருத்துவமனை திறந்து காட்டும் நாளில், நம் குடும்பங்கள் அஞ்சிச் சொல்லும் 'இல்லை' குறையும். எஞ்சும் 'இல்லை' மார்க்க மனசாட்சியிலிருந்து எழுந்ததாக இருக்கும். அதை மதிப்பது நமக்கும் அரசுக்கும் எளிதாகும், இன்ஷா அல்லாஹ்.