சாளை மீனும் புனே ஆய்வும்

கடலாடிப் பக்கத்து மாணவர் ஒருவர் பழைய செய்தித் துணுக்கு ஒன்றைக் கொண்டுவந்தார். ‘தலைமுறைகளாகக் காய்கறியே உண்டதால் இந்தியரின் மரபணு மாறிவிட்டது, புற்றுநோய் அபாயம்’ என்பது அதன் சாரம். “சார், எங்கள் வீட்டில் செவ்வாய், வெள்ளி மீன் சமைப்பதில்லை. எங்களுக்கும் ஆபத்தா?” என்று கேட்டார். கேள்வி நியாயமானது, செய்திதான் கோணலானது.

அதற்கு மூலம் 2016இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வு. புனேயில் 234 பேரையும் கான்ஸஸில் 311 பேரையும் அவர்கள் ஒப்பிட்டனர். ‘ஃபேட்ஸ்’ என்னும் மரபணுத் தொகுதியில் 22 எழுத்துகள் கொண்ட ஒரு துண்டு சிலரிடம் உண்டு, சிலரிடம் இல்லை. தாய், தந்தை இருவழியிலும் அதைப் பெற்றவர்கள் புனேயில் 100க்கு 68 பேர். கான்ஸஸில் 18 பேர். தாவர எண்ணெயின் கொழுப்பு அமிலங்களை மூளைக்கு வேண்டிய நீண்ட அமிலங்களாக மாற்றும் வேலை, இவர்கள் உடலில் விரைவாக நடக்கிறது. மீன் உண்பவருக்கோ அவ்வமிலங்கள் நேரே கிடைக்கின்றன.

இதுவரை ஆய்வு சரியே. செய்தி எங்கே தவறியது?

முதலாவது, காரணமும் விளைவும் இடம் மாறிவிட்டன. கத்தரிக்காய் அத்துண்டை எழுதவில்லை. முன்பே அதைப் பெற்றிருந்தவர்கள் காய்கறி உணவில் நன்கு தழைத்தார்கள். பல தலைமுறைகளில் அவர்கள் தொகை பெருகியது. இன்று உண்ணும் சோறு மரபணுவின் வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், எழுத்தை மாற்றுவதில்லை. மின்விசிறியின் ரெகுலேட்டரைத் திருப்பினால் வேகம் மாறும். உள்ளே மோட்டாரின் கம்பிச்சுற்று மாறுமா?

இரண்டாவது, அந்த ஆய்வில் எவரும் புற்றுநோயாளிகளை எண்ணவில்லை. அத்துண்டு உள்ளவர்கள் ஒமேகா-6 மிகுந்த சூரியகாந்தி போன்ற எண்ணெயை ஏராளமாக உண்டால் உடலில் அழற்சி மிகலாம் என்பது ஓர் ஊகம். ஊகம் அளவீடு ஆகாது.

மூன்றாவது குறை ‘இந்தியர்’ என்ற சொல். 2014ஆம் ஆண்டு அரசுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 100க்கு 97 பேருக்கு மேல் அசைவம் உண்பவர்கள். புனேயின் கணக்கைக் கடலாடிக்குப் பொருத்துவது, கொடைக்கானலில் வெப்பமானி வைத்து இராமநாதபுரத்தின் வெயிலை எழுதுவது போன்றது.

எனினும் ஆய்வின் பயன் சிறிதன்று. கடலுணவே பிரதானமான கிரீன்லாந்து இன்யூட் மக்களிடம் இதே மரபணுத் தொகுதி எதிர்த்திசையில் மாறியிருப்பதை 2015இல் கண்டிருந்தனர். எனவே உலகத்தார் அனைவருக்கும் ஒரே உணவுப் பட்டியல் பொருந்தும் என்பதை இனி யோசித்தே ஏற்க வேண்டும்.

மாணவருக்கு நான் சொன்ன விடை இதுதான்: இரண்டு நாள் மீன் இல்லாததால் ஆபத்தில்லை, மற்ற நாளில் மலிவான சாளையே போதும். ஆனால் செய்தியை வாசிக்கும்போது யாரை அளந்தார்கள், எதை அளந்தார்கள், எதை அளக்கவில்லை என்று கேட்கும் பழக்கத்தை விட்டுவிடாதீர்கள்.