கஸ் ஃப்ரிங்: பதில் பெயர்ப்பலகையில் இருக்கு

‘பிரேக்கிங் பேட்’ ரசிகர்கள் கஸ் ஃப்ரிங்கின் பூர்வீகத்தை இன்னும் துருவிக்கிட்டே இருக்காங்க. சிலியில் பினோசே ஆட்சியின் ராணுவ அதிகாரியாக இருந்திருப்பார் என்பது பிரபலமான ஊகம். காரணம் இல்லாமல் இல்லை. 2011இல் வந்த ‘எர்மானோஸ்’ எபிசோடில் கூட்டாளி மேக்ஸைக் கொல்கிறார்கள். கஸ் யாரென்று தெரிந்ததால்தான் அவரை உயிரோடு விடுவதாக டான் எலாடியோ சொல்கிறான்.

எனக்கென்னவோ, பதவி தெரிஞ்சா பயம் பாதி போயிடும். அவர் யாரென்பது கடை வாசலிலேயே எழுதியிருக்கே: ‘லோஸ் போயோஸ் எர்மானோஸ்’, அதாவது கோழிச் சகோதரர்கள். மேக்ஸ் செத்து இருபது வருஷம் ஆகியும் அந்தப் பன்மையை அவர் மாற்றவில்லை. கோழி மாவு வாளிக்குள் போதைப்பொருளை மறைத்த மனுஷன், துக்கத்தை மட்டும் எல்லாரும் பார்க்க விளக்குப் போட்டு வைத்திருந்தார்.