ஏற்புரையும் கடன்பாடும்: பரிசு பெறுதலின் சமூகவியல் பற்றிய சில குறிப்புகள்

முன்னுரை, அணிந்துரை, மதிப்புரை ஆகியன பற்றி நமது விமர்சகர்கள் அவ்வப்போது எழுதியுள்ளனர். ஏற்புரை அத்தகைய கவனத்தைப் பெற்றதில்லை. பரிசு பெறும் எழுத்தாளன் அவைமுன் எழுந்து கூறும் சொற்கள் வெறும் உபசார வார்த்தைகளென ஒதுக்கப்பட்டு வந்துள்ளன. நமது விழாக்களில் அது நன்றியுரைக்குச் சற்று முன்பாக, கடைசி பஸ் பற்றிய கவலை சபையோரைப் பற்றிக்கொள்ளும் வேளையில் இடம்பெறுவதும் இதற்கு ஒரு காரணமாகலாம். ஆயினும், இலக்கிய உற்பத்தியின் பொருளாதார அடித்தளம் ஒரு கடித உறையின் வடிவிலே பகிரங்கமாக மேசைமீது கிடக்கும் அரிய தருணம் அது. கொடுப்போன், பெறுவோன், பார்த்திருப்போர் ஆகிய முத்தரப்பாரும் அங்கு நேர்முகமாகச் சந்திக்கின்றனர். அவ்வேளையிற் பண்போடு பேசுதல் என்பது யாது? பணிவின் அளவுகொண்டு அதனை மதிப்பிடும் வழக்கமே நம்மிடையே நிலவுகின்றது. பேசுபவன் தான் யார் யாருக்குக் கடன்பட்டுள்ளான் என்பதை எவ்வளவு துல்லியமாகச் சொல்கிறான் என்பதே தக்க அளவுகோலாகும் என்று நாம் கருதுகிறோம்.

பணிவுரைக்குத் தமிழில் நீண்ட மரபுண்டு. தொல்காப்பியச் செய்யுளியலே அவையடக்கியலுக்கு இலக்கணம் வகுத்துள்ளது. பாற்கடலை நக்கிக் குடிக்க முனைந்த பூனையாகத் தன்னைக் கம்பன் உவமித்துக்கொண்டமை யாவரும் அறிந்ததே. ஆனால் அவையடக்கம் நூலைப் புலவர்முன் வைப்பவன் கூறுவது, தீர்ப்புக்கு முந்தியது. தீர்ப்பு வழங்கப்பட்டு, பொன்னாடையும் போர்த்தப்பட்ட பின்னர், 'இதற்கு நான் தகுதியற்றவன்' என்று கூறுதல் அதன் நகலாக இருப்பினும் அதன் பொருளை இழந்துவிடுகின்றது. தகுதியற்றவனெனில் ஏன் பெற்றுக்கொண்டான் என்ற வினா எழுகின்றது. தேர்ந்தெடுத்தோரின் அறிவும் மறைமுகமாக இழித்துரைக்கப்படுகின்றது.

இதைவிட முக்கியமான பிறிதொன்றும் உண்டு. பணிவு எல்லோரிடமிருந்தும் ஒரே விதமாகக் கோரப்படுவதில்லை. 1960 இல் வெளிவந்த டொமினிக் ஜீவாவின் 'தண்ணீரும் கண்ணீரும்' சிறுகதைத் தொகுதி இலங்கைச் சாகித்திய மண்டலப் பரிசைப் பெற்றது. யாழ்ப்பாணத்திலே சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்ட ஒரு சமூகத்திலிருந்து, சிகையலங்கார நிலையத்தையே தமது பல்கலைக்கழகமாகக் கொண்டு எழுந்தவர் அவர். ஆலய வாயிலிலும் தேநீர்க்கடையிலும் தலைமுறை தலைமுறையாக அடக்கம் கோரப்பட்ட ஒருவரிடம், பரிசு மேடையிலும் அதே அடக்கத்தை எதிர்பார்ப்பது எவ்வகைப் பண்பாகும்? அவையில் அனுமதிக்கப்படாதவனுக்கு அவையடக்கம் ஓர் அணியாக அமைய முடியாது. அத்தகையவன் தலைநிமிர்ந்து நின்று பரிசைப் பெற்றுக்கொள்வதே அவ்வவைக்கு அவன் செய்யும் மரியாதை.

பணிவுக்குப் புறம்பான ஒரு மரபும் நம்மிடம் உள்ளது என்பதை இவ்விடத்து நினைவுகொள்ளுதல் தகும். புறநானூற்றுப் புலவர் பெருஞ்சித்திரனாரின் இரு பாடல்கள் இதன்பாற்படுவன. அதியமான் நெடுமான் அஞ்சி தம்மை நேரிற் காணாமலே பரிசில் அனுப்பியபோது அதனை அவர் ஏற்க மறுக்கிறார் (புறம் 208). தம்மை அறிந்து, தம் புலமையை மதித்துத் தரப்படுவது தினையளவாயினும் இனியதென்றும், காணாது கொடுத்ததைக் கொள்வதற்குத் தாம் பொருள் நோக்கி அலையும் வாணிகர் அல்லரென்றும் உரைக்கிறார். மற்றப் பாடலிலே (புறம் 163) குமணனிடம் பெற்ற செல்வத்துடன் வீடு திரும்பி, உறவினருக்கும், பசித்த வேளையிற் கடன் தந்து உதவியோருக்கும், இன்னார் இனியார் என்று பாராது எல்லோருக்கும் கொடுக்குமாறு மனைவியிடம் கூறுகிறார். பரிசிலைப் பூட்டிவைத்து வாழும் எண்ணமே அங்கு இல்லை. இதனையே தமிழின் மிகச் சிறந்த ஏற்புரையெனக் கூறத் தோன்றுகின்றது. வள்ளலின் முன்னிலையில் அன்றி அடுப்படியில் நின்று அது பேசப்படுகின்றமையும் கவனிக்கத்தக்கது.

எனினும் வீரயுகப் பாணரையும் புலவரையும் இலட்சிய மனிதராகக் காட்டும் மனோரதியப் போக்கிற்கு நாம் உடன்படுவதற்கில்லை. கொடுத்தவன் என்னை அறிந்தானா, பெற்றதை யாருடன் பகிர்வது என்ற இரு வினாக்களையும் பெருஞ்சித்திரனார் எழுப்பினார். குமணனுக்கு அச்செல்வம் எங்கிருந்து வந்தது என்ற மூன்றாவது வினா அவரிடம் எழவில்லை. ஆநிரை கவர்தலும் ஊர் எரித்தலும் புகழுக்குரிய செயல்களாயிருந்த ஒரு சமூக உருவாக்கத்தில் அது எழுவதற்கான வரலாற்று நிலைமைகள் இருக்கவுமில்லை.

மூன்றாவது வினா எழுந்த ஒரு நிகழ்வை இனி நோக்கலாம். 1972 நவம்பர் மாதம் இலண்டனில் ஜோன் பேர்ஜருக்கு 'ஜி.' என்ற நாவலுக்காகப் புக்கர் பரிசு வழங்கப்பட்டது. அதே ஆண்டின் தொடக்கத்தில் பி.பி.சி. தொலைக்காட்சியில் ஓவியத்தைப் பார்க்கும் முறைகள் பற்றி அவர் நிகழ்த்திய தொடர், கலை விமர்சனத்தில் மார்க்சிய நோக்கைப் பரந்த மக்களிடம் கொண்டுசென்றிருந்தது. பரிசுத்தொகை 5,000 பவுண். பரிசை நிறுவிய புக்கர் மக்கொனல் கம்பனி பிரித்தானிய கயானாவிலே சீனித் தோட்டங்களை நடத்திப் பெருத்த நிறுவனமாகும். அந்நாட்டையே 'புக்கரின் கயானா' என்று மக்கள் அழைக்குமளவுக்கு அதன் பிடி இறுகியிருந்தது.

பேர்ஜர் தமது உரையைத் தன்னிழிவோடு தொடங்கவில்லை. பரிசு தமக்கு எப்பொருளைத் தருகின்றதென்பதைச் சுருக்கமாகக் கூறுவதாகவே தொடங்குகிறார். எழுத்தாளரைப் பந்தயக் குதிரைகள்போல ஓடவிட்டு வெற்றி தோல்வி பேசுவது இலக்கியத்திற்குப் பொருந்தாதென்கிறார். பின்னர் அப்பணத்தின் ஊற்றுக்குச் செல்கிறார். நூற்றுமுப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கரிபியன் பிரதேசத்தில் அக்கம்பனி நடத்திய வாணிபத்தையும், அப்பிரதேசத்தின் இன்றைய வறுமையையும் இணைத்துக் காட்டி, பரிசுத்தொகையின் பாதியை இலண்டனில் இயங்கிய கறுப்புச் சிறுத்தைகள் இயக்கத்துக்கு வழங்குவதாக அறிவிக்கிறார். கயானாவில் இத்தகைய கம்பனிகளைப் பறிமுதல் செய்யப் போராடுவோருடன் அவ்வியக்கத்திற்குத் தொடர்பிருப்பதையும் அவர் மறைக்கவில்லை. மற்றப் பாதியை ஐரோப்பாவின் குடிபெயர் தொழிலாளர் பற்றிய நூலொன்றுக்குப் பயன்படுத்தப்போவதாகக் கூறுகிறார்.

அன்று பலர் இதனை விருந்தோம்பலை அவமதித்த செயலென்று கருதினர். முழுவதும் மறுத்திருக்கலாமே என்றனர் சிலர். கொடுத்த கையைக் கடித்தானென்றனர் வேறு சிலர். உரையை இன்று படிக்கும்போது அதன் நிதானமே நம்மைக் கவர்கின்றது. நடுவர்களை அவர் ஏளனம் செய்யவில்லை. குற்றவுணர்வோ தருமசிந்தனையோ தம்மை இயக்கவில்லை என்று தெளிவாகவே சொல்கிறார். தம்மை உருவாக்கிய பண்பாட்டுக்கும் தமக்கும் இடையிலான கணக்கு அது என்கிறார். கணக்கைத் திறந்து காட்டுபவன் சபையை நம்புகிறான். இனிய சொற்களால் அதனை மூடுபவனுக்கு அந்த நம்பிக்கை இல்லை. இவ்வகையில் அம்மண்டபத்தில் இருந்தோருக்குப் பேர்ஜர் அளித்த மரியாதை அவர்கள் உணர்ந்ததிலும் அதிகமானது.

அவரது கணக்கிலும் ஒரு குறை உண்டு. அடிமை வாணிபத்திலிருந்து இலண்டனின் கறுப்பின இளைஞர்வரை அவரது வரலாற்றுக்கோடு நேராகச் செல்கின்றது. இடையில் வந்தோர் அதில் முன்னிலை பெறவில்லை. அடிமை முறை ஒழிந்தபின் 1838 முதல் 1917 வரை இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாகக் கயானாவிற்குக் கொண்டுசெல்லப்பட்டனர். பெரும்பாலோர் கல்கத்தா வழியாகச் சென்றனராயினும், சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலேறிய தமிழரும் அவர்களுள் இருந்தனர். அவர்கள் கொண்டுசென்ற மாரியம்மன் வழிபாடு அங்கு இன்றும் நிலைத்துள்ளது. நமது மலையக மக்களின் மூதாதையர் கோப்பித் தோட்டங்களை நோக்கி நடந்த அதே காலத்தில், அதே வறுமையால் உந்தப்பட்டோர் அவர்கள். புக்கரின் சீனியில் அவர்களது உழைப்பும் கரைந்திருந்தது. அத்தோட்டங்கள் 1976 இல் கயானா அரசினால் தேசியமயமாக்கப்பட்டன.

மறுத்தலே மேலானதென்போர் 1964 இல் நோபல் பரிசை நிராகரித்த சார்த்தரைச் சுட்டுவர். எழுத்தாளன் தன்னை ஒரு நிறுவனமாக மாற்றிக்கொள்ள அனுமதித்தலாகாது என்பது அவரது வாதம். ஆனால் அவரது அறிக்கையின் சுவையான பகுதி வேறொன்று. அப்பணத்தைப் பெற்றிருந்தால் இலண்டனிலுள்ள நிறவெறி எதிர்ப்புக் குழுவுக்கு வழங்கியிருக்கலாம் என்ற எண்ணம் தம்மை வருத்தியதாக அவர் ஒப்புக்கொள்கிறார். எட்டாண்டுகளின் பின் பேர்ஜர் சென்ற வழியை அவர் கண்டு, நின்று யோசித்து, விலகிச் சென்றார். தூய்மை காப்பாற்றப்பட்டது, குழுவுக்கு எதுவும் கிடைக்கவில்லை. ஏற்கெனவே புகழ் நிலைபெற்ற ஒருவருக்கே இத்தகைய மறுப்பு எளிது என்பதையும் மறத்தலாகாது.

பாப்லோ நெருடா 1971 டிசம்பரில் ஸ்ரொக்ஹோமில் நிகழ்த்திய உரை இவ்விரண்டிலும் ஆழமானதென்பது நமது துணிபு. அப்பொழுது அவர் அலெண்டே அரசின் பாரிஸ் தூதுவர். கவிதைக் கொள்கை பற்றிப் பேசுவாரென எதிர்பார்த்தோருக்கு அவர் ஒரு பயணக்கதையைச் சொன்னார். கம்யூனிஸ்ட் கட்சி தடைசெய்யப்பட்டு, தாம் தேடப்பட்ட நிலையில், 1949 இல் குதிரைமேல் அந்தீஸ் மலைகளைக் கடந்து ஆர்ஜன்ரீனாவுக்குத் தப்பிச் சென்ற கதை. வழியில் இடையர் சிலர் அவர்களைத் தீமூட்டிய குடிலில் வரவேற்று உணவளித்தனர்; பாடினர்; மலை வெந்நீர் ஊற்றில் நீராட வைத்தனர். புறப்படும்போது நெருடாவும் துணைவர்களும் கொடுத்த பணத்தை அவர்கள் ஒரேயடியாக மறுத்துவிட்டனர்.

உலகின் மிகப் பெரிய பணப்பரிசொன்றைப் பெறும் மேடையில், கைம்மாறு வேண்டாத மனிதரின் கதையை ஒருவர் சொல்கிறார்.  பரிசைப் பற்றி நேரடியாக ஒரு குறையும் கூறாமலே அதன் தர்க்கத்திற்கு எதிரான வேறொரு தர்க்கம், வேறொரு உறவுமுறை அங்கு நிறுத்தப்படுகின்றது. கவிஞன் ஒரு சிறு கடவுள் அல்லன், நாள்தோறும் பாண் சுட்டுத் தருபவனைப் போன்றவன் என்ற அவரது கூற்று பின்னர் வரும்போது அது பணிவாக ஒலிக்காமைக்கு இதுவே காரணம். 1957 இல் அல்பேர் காம்யூ தமது நோபல் உரைகளை அல்ஜியர்ஸ் ஆரம்பப் பாடசாலை ஆசிரியர் லூயி ஜேர்மேனுக்குக் காணிக்கையாக்கியமை நெகிழ்வூட்டுவதே. ஆயினும் விடுதலைக்குப் போராடிக்கொண்டிருந்த அல்ஜீரிய மக்களுக்கு அக்கணக்கில் இடமிருக்கவில்லை. தனிமனித நன்றியின் எல்லை அது.

புக்கர் பணம் நம் நாட்டுக்கும் வந்தது. 1992 இல் மைக்கல் ஒண்டாச்சியும் பெரி அன்ஸ்வேத்தும் அப்பரிசைப் பகிர்ந்துகொண்டனர். அன்ஸ்வேத்தின் நாவல் அடிமைக் கப்பலைப் பற்றியதென்பது வரலாற்றின் குறும்பு. ஒண்டாச்சி தமக்குக் கிடைத்த பணத்தைக்கொண்டு, தாயின் குடும்பப் பெயரில், இலங்கையின் ஆங்கிலப் படைப்புகளுக்கான கிரேஷன் பரிசை நிறுவினார். பெருஞ்சித்திரனாரின் மனைவிக்கு இடப்பட்ட கட்டளை இது. எனினும் பகிர்வின் வட்டம் ஒரு மொழியால் எல்லைப்படுத்தப்பட்டது. அப்பரிசை 2008 ஆம் ஆண்டுக்குப் பெற்ற ஷெஹான் கருணாதிலக்க 2022 ஒக்டோபரில் புக்கர் பரிசையும் பெற்று, ஊழலும் இனவாதமும் பயன்தராதென உணர்ந்த ஓர் இலங்கையில் தமது நாவல் கற்பனைக்கதையாகப் படிக்கப்படவேண்டுமென்று கூறி, ஈற்றில் சிங்களத்திலும் தமிழிலும் சில வார்த்தைகள் பேசினார். ஆங்கிலத்தில் எழுதிய நூலுக்கான பரிசு அது. அம்மூன்று மொழிகளுக்குமிடையிலான உறவு அங்கு ஒரு நிமிடத்துள் வெளிப்பட்டது.

நமது இன்றைய பரிசு மேடைகளுக்கு வருவோம். 1983 இன் பின்னர் புலம்பெயர்ந்தோரின் நிதியினால் நிறுவப்பட்ட தமிழ்ப் பரிசுகள் பல உள்ளன. அவற்றைப் பெறுவோர் கொடையாளரின் தமிழ்ப்பற்றை வியந்து பேசுவர். தாய்மண்ணின் மீதான பாசத்தைக் குறிப்பிடுவர். பேர்ஜர் தமது மற்றப் பாதிப் பணத்தைச் செலவிட்ட நூல் 1975 இல், ஜோன் மோரின் புகைப்படங்களுடன், 'ஏழாவது மனிதன்' என்னும் பெயரில் வெளிவந்தது. ஜேர்மனியிலும் பிரித்தானியாவிலும் உடலுழைப்பாளருள் எழுவரில் ஒருவர் குடிபெயர்ந்தவர் என்பதே அத்தலைப்பின் பொருள். அவர் எழுதிய காலத்தில் அம்மனிதன் துருக்கியனாகவும் போர்த்துக்கேயனாகவும் இருந்தான். பத்தாண்டுகளுக்குள் அவன் நமது அண்ணனாகவும் மைத்துனனாகவும் ஆகி, பாரிஸ் உணவகங்களின் பின்கட்டில் கோப்பை கழுவினான். ரொறொன்ரோவின் அலுவலகக் கட்டடங்களை இரவில் துடைத்தான். நமது மேடைகளுக்கு வரும் கடித உறைகள் சிலவற்றில் அக்கரங்களின் ஈரம் உண்டு. அக்கோப்பைகளைப் பற்றி ஒரு வரி பேசிய ஏற்புரை எதனையும் நாம் இதுவரை கேட்டதில்லை.